கியர் ஆயிலை வீட்டிலேயே மாத்தலாம். ஆனா எந்த நட்டை முதல்ல கழட்டணும்?



"சின்க்ரோமெஷ் கியர் பாக்ஸின் அமைப்பையும் இயக்கத்தையும் படத்துடன் விளக்குக." ஆட்டோமொபைல் பேப்பர் எழுதிய எந்த மெக்கானிக்கல் மாணவருக்கும் இந்தக் கேள்வி அத்துப்படி. ஸ்கேலும் பென்சிலும் எடுத்து, மெயின் ஷாஃப்ட், லே ஷாஃப்ட், சின்க்ரோ ரிங் எல்லாம் வரைந்து, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதி, மார்க்கும் வாங்கியிருப்போம்.

இப்போ ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டுல கார் இருந்தா, அதோட கியர் ஆயிலைக் கடைசியா எப்ப மாத்தினாங்க?

பெரும்பாலும் வரும் பதில், "போன சர்வீஸ்லதானே ஆயில் மாத்தினோம்?" என்பதுதான். அது இன்ஜின் ஆயில். கியர் பாக்ஸ் ஆயில் வேற. இந்தக் குழப்பம் வர்றதுக்கு நம்ம பைக்கும் ஒரு காரணம். ஸ்பிளெண்டர், பல்சர் மாதிரியான ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் இன்ஜின், கிளட்ச், கியர் மூணும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. இன்ஜின் ஆயிலை மாத்தினா கியருக்கும் சேர்த்து மாத்தின கணக்கு. பழைய ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் கியருக்குத் தனி ஆயில். ஆக்டிவாவில்கூட பின் சக்கரத்துப் பக்கம் சின்ன கியர் பெட்டிக்குத் தனியா கொஞ்சம் ஆயில் உண்டு. அதை மறந்துபோனவங்க ஏராளம். காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்கு இன்னொரு ஆயில். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது.

இன்ஜின் ஆயில் குறைஞ்சா பார்க்க டிப்ஸ்டிக் இருக்கு. பிரஷர் விழுந்தா டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார்களில் பெரும்பாலானவற்றின் மேனுவல் கியர் பாக்ஸுக்கு இந்த ரெண்டுமே கிடையாது. ஆயில் பாதியா குறைஞ்சாலும் வண்டி ஓடும். அது பேச ஆரம்பிக்கும்போது 'உய்ய்ய்' என்று பேரிங் சத்தமா பேசும். அதுக்கப்புறம் ஆயில் ஊத்தி பிரயோஜனம் இல்லை.

இந்தக் கட்டுரை ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ மாதிரி முன் சக்கரங்களை ஓட்டும் சின்ன கார்களை மனசுல வெச்சு எழுதியது. ஸ்பேனர் பிடிக்கிற வேலை ஒரு மணி நேரம்தான். ஆனா ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி மூணு முடிவு எடுக்கணும்: எந்த ஆயில், கார் எதன் மேல நிக்கப் போகுது, எந்த நட்டு முதல்ல. இந்த மூணில் ஒண்ணு தப்பானாலும், மாத்தாமலே விட்டிருக்கலாம்னு ஆகிடும்.

வழுக்கவும் வேணும், பிடிக்கவும் வேணும்

ஆயிலோட வேலை வழுக்கி விடுறதுன்னு நினைக்கிறோம். கியர் பாக்ஸில் அது பாதி உண்மை.

ஒரு கணக்கு போடுவோம். இரண்டாவது கியரின் விகிதம் 1.9, மூன்றாவது 1.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கியரில் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் சுத்துது. அப்போ வெளியே போகும் ஷாஃப்ட்டின் வேகம் 3000 வகுத்தல் 1.9, அதாவது சுமார் 1580. கார் அதே வேகத்தில் போக, மூன்றாவது கியருக்கு உள்ளே வரும் ஷாஃப்ட் 1580 பெருக்கல் 1.3, சுமார் 2050 ஆர்பிஎம்மில் சுத்தணும். நீங்க கிளட்சை மிதிச்சு லீவரைத் தள்ளுற அந்த அரை நொடிக்குள்ள, கிளட்ச் தட்டையும் இன்புட் ஷாஃப்ட்டையும் 3000-லிருந்து 2050-க்கு யாராவது இழுத்துப் பிடிக்கணும்.

அதைச் செய்யறதுதான் சின்க்ரோ ரிங். பல கார்களில் பித்தளையால் ஆன கூம்பு வடிவ வளையம். கியரின் மேல் இருக்கும் கூம்பில் இது போய் உரசி, ரெண்டு வேகத்தையும் சமமாக்கிய பிறகுதான் பல்லுக்குப் பல் உள்ளே போக வழிவிடும். சுருக்கமா, அது ஒரு குட்டி பிரேக். 1928-ல் காடிலாக் கார்களில் ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளரின் சின்க்ரோமெஷ் வருவதற்கு முன்னாடி, இந்த வேலையை டிரைவரே தன் காலால் செய்தார். பழைய லாரி டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தட்டி கியர் மாத்துவாங்களே, அதே விஷயம்தான்.

இப்போ சிக்கலைப் பாருங்க. கியர் பல்லும் பல்லும் அழுத்தி உருளும் இடத்தில் ஆயில் படலம் கிழியக் கூடாது, நல்லா வழுக்கணும். அதே ஆயில் சின்க்ரோ கூம்பில் வழுக்கக் கூடாது, விலகி வழிவிட்டுப் பிடிக்கணும். அதுக்காகத்தான் அந்த வளையத்தின் உள்பக்கம் மெல்லிய வரிகள் வெட்டியிருக்காங்க. டயரின் டிரெட் தண்ணியை ஒதுக்குற மாதிரி அவை ஆயிலை ஒதுக்கும். ஒரே திரவத்திடம் ரெண்டு எதிரெதிர் வேலை கேட்கிறோம். அதனாலதான் 'நல்ல விலையுயர்ந்த ஆயில்' என்று எதையோ ஊத்தினா கியர் பாக்ஸ் சந்தோஷப்படாது. பழைய சரியான ஆயிலைவிட புதிய தவறான ஆயில் மோசம்.

டப்பாவைப் படிப்போம்

கியர் ஆயில் டப்பாவில் ரெண்டு விஷயம் பார்க்கணும்.

முதலாவது, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 போன்ற எண். இது எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எஸ்ஏஇ அளவு. 'இன்ஜினுக்கே 40தான் போடறோம், கியருக்கு 90-ஆ? பயங்கரக் கெட்டியா இருக்குமே!' என்று பயப்பட வேண்டாம். ரெண்டும் வேற வேற அளவுகோல். கியர் ஆயிலின் 90, சூட்டில் ஏறக்குறைய இன்ஜின் ஆயிலின் 40 அல்லது 50 அளவு கெட்டிதான். முன்னால் வரும் 75டபிள்யூ, 80டபிள்யூ என்பது குளிரில் எப்படி ஓடும் என்பதைச் சொல்லும். 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரி வரை தாங்கணும். 80டபிள்யூவுக்கு மைனஸ் 26 போதும். நமக்கு அவ்வளவு மைனஸ் எல்லாம் கிடையாது. ஆனா ஊட்டியில் டிசம்பர் காலையில் முதல் நாலு கியர் மாத்தறவங்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இரண்டாவது, ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற ஏபிஐ தரம். இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. 5 என்பது 4-ஐவிடப் பெரிய எண், அதனால உசத்தி என்று எடுத்துக்கறாங்க. கியர் ஆயிலில் சல்ஃபரும் பாஸ்பரஸும் கலந்த ஒரு மருந்து இருக்கும். அதிக அழுத்தத்தில் உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில், அது வினைபுரிந்து ஒரு பாதுகாப்புப் படலம் ஆகும். ஜிஎல்-5-ல் இந்த மருந்தின் அளவு ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பொலேரோ, ஜீப், லாரி மாதிரி பின் சக்கரத்தை ஓட்டும் வண்டியின் பின் ஆக்ஸிலில் ஹைப்பாய்டு கியர் இருக்கும். அங்கே பல்லும் பல்லும் உருளுவதோடு பக்கவாட்டில் பயங்கரமா உரசும். ஜிஎல்-5 அதுக்காகப் பிறந்தது.

நம்ம சின்ன கார்களில் கியர் பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள்ள, சாய்வுப் பல் கியர்களோட, ஒரே ஆயிலில் ஓடுகின்றன. ஹைப்பாய்டு இல்லை. ஆனா சின்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. ஜிஎல்-5-ன் கூடுதல் மருந்து ஒருபக்கம் கூம்பை வழுக்க வைக்கும். இன்னொரு பக்கம், அதன் சல்ஃபர் பித்தளையை மெல்ல அரிக்கலாம். கார் மேனுவலில் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-4 மட்டும்தான். சில கார்களுக்கு கம்பெனியின் தனி ஆயில், சிலதுக்கு ஏடிஎஃப் கூட உண்டு. கடைக்காரர் "எல்லா வண்டிக்கும் இதான் சார் போகுது" என்றாலும் சரி, யூடியூப் அண்ணன் வேற சொன்னாலும் சரி, கடைசி வார்த்தை மேனுவலோடது. மேனுவல் தொலைஞ்சிருந்தா கம்பெனியின் இணையதளத்தில் உங்க மாடல், வருஷம் பார்த்து இறக்கிக்கோங்க. எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, நட்டை எவ்வளவு முறுக்கணும் என்பதையும் அங்கேயே தேடிக் குறிச்சுக்கோங்க. சின்ன காருக்கு சுமார் 2 லிட்டர் பிடிக்கும்; சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும்.

குற்றவாளி ஆயில்தானா?

கியர் விழ மாட்டேங்குது என்றதும் ஆயிலை மாத்தக் கிளம்பிடாதீங்க. ரெண்டு நிமிஷத்தில் ஒரு சோதனை. இன்ஜினை அணைச்சிட்டு கிளட்சை மிதிச்சு எல்லா கியரும் போட்டுப் பாருங்க. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே அதையே செய்யுங்க. அணைச்சிருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடிச்சா, கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். அது கேபிள் அல்லது கிளட்ச் பிரச்சினை. அணைச்சிருக்கும்போதே இறுக்கமா இருந்தா கியர் லீவரின் கேபிள், லிங்கேஜ் பக்கம் பாருங்க.

ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமா இரண்டாவது மட்டும், 'கர்ர்' என்று கடிச்சா அந்தக் கியரின் சின்க்ரோ தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். தேய்ஞ்ச உலோகத்தை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. ரிவர்ஸ் மட்டும் கடிக்குதா? பல சின்ன கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோவே இல்லை. கிளட்சை மிதிச்சு ரெண்டு மூணு நொடி பொறுத்துப் போடுங்க, சத்தம் போயிடும்.

எல்லா கியரும் காலையில் கொஞ்சம் கெட்டியா இருக்கு, வண்டி வாங்கியதிலிருந்து ஆயில் மாத்தியதா தகவல் இல்லை, அல்லது செகண்ட் ஹேண்டில் வாங்கின கார், பழைய ஓனர் என்ன ஊத்தினார்னு தெரியாது. இந்த மாதிரி நிலையில் ஆயில் மாத்துறது நியாயமான முதல் வேலை.

கார் எதன் மேல நிக்குது?

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீங்க.

சின்ன கார்கூட ஏறக்குறைய முக்கால் டன் எடை. டிக்கியில் வரும் ஜாக்கி, டயர் மாத்த மட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையையோ கையையோ விடவே கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியா இருந்தாலும் இதே சட்டம்தான். உள்ளே ஒரு சின்ன ரப்பர் சீல் போனா அது இறங்கிடும். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி முட்டுக்கொடுக்கிற பழக்கமும் வேண்டாம். ஹாலோ பிளாக் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது, ஒரே நொடியில் நொறுங்கும். எடை தாங்கும் அளவு எழுதிய இரும்பு ஸ்டாண்டுகள் வேணும். அதை எங்கே வைக்கணும் என்று மேனுவலில் படம் இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். முன் சக்கரம் ஓட்டும் காரில் முன்பக்கத்தைத் தூக்கிட்டா, கியரில் போட்டு நிறுத்தியிருப்பதால் எந்தப் பயனும் இல்லை. அந்தச் சக்கரங்கள் காற்றில் இருக்கு. காரை நிறுத்தி வைப்பது பின்பக்க ஹேண்ட் பிரேக்கும், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கும் கட்டைகளும்தான். சரிவான இடம், மண் தரை, வெயிலில் இளகிய தார் ரோடு எதுவும் ஆகாது; சமமான கான்கிரீட் தரைதான் வேணும். ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு வெளியே நின்று காரைக் கையால் தள்ளி ஆட்டிப் பாருங்க. ஆடினா, திரும்ப இறக்கி முதலிலிருந்து வைங்க. கூட ஒரு ஆள் இல்லாம இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க.

கார் முன்னும் பின்னும் சமமா இருக்கணும் என்பதுக்குப் பாதுகாப்பைத் தாண்டி ஒரு காரணம் இருக்கு. ஆயில் அளவைப் பார்க்கும் ஓட்டை கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தா உள்ளே இருக்கும் ஆயில் பின்பக்கம் சாயும். ஓட்டை எந்தப் பக்கம் இருக்கோ அதைப் பொறுத்து, ஆயில் குறைவா நிக்கும் அல்லது அதிகமா ஏறிடும். அதனால நாலு ஸ்டாண்டு போடணும், இல்லைன்னா பள்ளம் இருக்கிற இடம் பார்க்கணும். தெரிஞ்ச வாட்டர் சர்வீஸ் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பள்ளத்தைக் கேட்டுப் பாருங்க. நம்ம ஆட்டோமொபைல் லேபில் லிஃப்ட் இருந்தா, லேப் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, அவர் முன்னாலேயே செய்யலாம். இதைவிட நல்ல பிராக்டிகல் கிளாஸ் கிடைக்காது. சமமா இருக்கான்னு பார்க்க மொபைலில் இருக்கும் லெவல் ஆப்பைக் கதவு நிலையில் வைங்க, போதும்.

சாமான் பட்டியல்

மேனுவல் சொன்ன ஆயில், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. ரெண்டு பிளக்குக்கும் புது வாஷர். சில கார்களில் வாஷருக்குப் பதிலா மரையில் சீலன்ட் பூசணும். பிளக்குக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட். 3 லிட்டர் கொள்ளும் அகலமான தட்டு. நீளமான டியூப், புனல் அல்லது கைப்பம்பு. டார்க் ரெஞ்ச் கிடைச்சா ரொம்ப நல்லது. பனியன் வேஸ்ட் தாராளமா. கையுறை. அடியில் படுத்து மேலே பார்க்கிறதால கண்ணுக்குக் கண்ணாடி.

முதல்ல ஃபில் பிளக்

10, 15 நிமிஷம் காரை ஓட்டிட்டு வாங்க. வெதுவெதுப்பான ஆயில் சீக்கிரம் இறங்கும், அடியில் படிஞ்சதையும் கூட்டிட்டு வரும். உடனே படுக்காதீங்க, பக்கத்தில் சைலன்சர் பைப் கொதிக்கும். தொட்டா சுடாத அளவுக்கு ஆறட்டும்.

பல மாருதி, ஹூண்டாய் சின்ன கார்களில் கியர் பாக்ஸ் இடது முன் சக்கரத்துப் பக்கம் இருக்கும். அதில் ரெண்டு பிளக் தேடுங்க. கீழே இருப்பது ஆயில் இறங்கும் டிரெயின் பிளக். பக்கவாட்டில் கொஞ்சம் மேலே இருப்பது ஆயில் நிரப்பும் ஃபில் பிளக். சில மாடல்களில் நிரப்பும் வழி வேற இடத்தில் இருக்கும், மேனுவல் படத்தோட ஒத்துப் பாருங்க. இன்ஜின் ஆயிலின் டிரெயின் நட்டும் பக்கத்திலேயே இருக்கும். அதைக் கியர் பாக்ஸ் நட்டுன்னு நினைச்சுக் கழட்டினா இன்ஜின் ஆயில் போய், கியர் பாக்ஸில் ஏற்கெனவே இருந்ததுக்கு மேல இன்னொரு 2 லிட்டர் ஏறும். ரெண்டும் ஒரே நாளில் நாசம்.

இப்போ தலைப்பில் கேட்ட கேள்வி. முதல்ல கழட்ட வேண்டியது மேலே இருக்கும் ஃபில் பிளக்.

ஏன்? வருஷக்கணக்கா தொடாத பிளக், அலுமினியக் கூட்டில் இறுகிப் போயிருக்கும். கீழே இருப்பதை முதல்ல திறந்து ஆயிலை எல்லாம் இறக்கிட்டு, அப்புறம் மேலே இருப்பது கழலலைன்னா? அல்லது அதன் தலை மழுங்கிப் போச்சுன்னா? கியர் பாக்ஸில் ஆயில் இல்லை, ஊத்த வழியும் இல்லை. அந்தக் காரை மெக்கானிக் கடைக்குக்கூட ஓட்டிப் போக முடியாது, கட்டித்தான் இழுக்கணும். ஃபில் பிளக் கழலலைன்னு முதல்லயே தெரிஞ்சா, பழைய ஆயில் உள்ளே பத்திரமா இருக்கும்; காரை இறக்கி, ஓட்டிட்டுப் போய் மெக்கானிக் அண்ணன்கிட்ட கழட்டச் சொல்லலாம். திரும்ப முடியாத அடியை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி, திரும்பும் வழி திறந்திருக்கான்னு பார்க்கிற பழக்கம் இது. நம்ம எந்த லேபுக்கும் பொருந்தும்.

இறுகியிருந்தா துரு இளக்கும் ஸ்பிரே அடிச்சு கொஞ்ச நேரம் விடுங்க. அளவு சரியில்லாத ஸ்பேனரை வெச்சு ஓங்கி அடிக்காதீங்க. ஃபில் பிளக் கழன்றதும், தட்டை வெச்சு டிரெயின் பிளக்கைத் திறங்க. மேலே திறந்திருப்பதால் காற்று உள்ளே போய், ஆயில் சீரா கொட்டும். சொட்டு நிற்கும்வரை 10, 15 நிமிஷம் பொறுமையா விடுங்க. உள்ளே கழுவறேன்னு மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தாதீங்க. அது மூலைமுடுக்கில் தங்கி, புது ஆயிலை நீர்க்க வைக்கும்.

பழைய ஆயில் சொல்லும் சேதி

கடையில் மாத்தினா இது நம்ம கண்ணுக்கே வராது. வீட்டில் செய்யறதோட பெரிய லாபம் இதுதான்.

பல டிரெயின் பிளக்குகளின் நுனியில் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் மாதிரி ஒட்டியிருந்தா பயம் வேண்டாம். பல்லும் பல்லும் வருஷக்கணக்கா உரசியதில் வந்த நுண்ணிய இரும்புத்தூள் அது; துடைச்சிடுங்க. விரலில் குத்துற அளவுக்குச் சில்லு, பல் உடைஞ்ச துண்டு இருந்தா கியரோ பேரிங்கோ சேதமாகியிருக்கு. புது ஆயில் ஊத்தி மறைக்காம, கியர் பாக்ஸைத் திறந்து பார்க்கணும்.

தட்டில் இருக்கும் ஆயிலை வெயிலில் சாய்ச்சுப் பாருங்க. தங்கத் தூள் மாதிரி மினுமினுப்பு தெரிஞ்சா அது பித்தளை. காந்தத்தில் ஒட்டாத அந்தத் தூள், சின்க்ரோ வளையத்திலிருந்து வந்திருக்கலாம். கொஞ்சமா இருந்தா வழக்கமான தேய்மானம். ஆயில் முழுக்க ஜொலிச்சா வளையங்கள் சீக்கிரம் மாத்த வேண்டி வரும். பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தா தண்ணி புகுந்திருக்கு. மழை வெள்ளத்தில் நின்ற, நீந்தி வந்த கார்களில் இதைப் பார்க்கலாம். அப்படின்னா கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காம உடனே மாத்தணும், கொஞ்ச தூரம் ஓட்டிட்டு இன்னொரு முறையும் மாத்தணும்.

எவ்வளவு ஆயில் இறங்குச்சுன்னு அளந்து பாருங்க. மேனுவல் 2 லிட்டர் என்று சொல்லி, தட்டில் ஒரு லிட்டர்தான் இருந்தா, மீதி எங்கேயோ கசிஞ்சிருக்கு. டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்து சீல்களைச் சுத்தி ஈரமா இருக்கான்னு தேடுங்க. கசிவை அடைக்காம ஊத்தினா அதுவும் அதே வழியில் போகும்.

நிரப்புவோம், முறுக்குவோம்

டிரெயின் பிளக்கைத் துடைச்சு, புது வாஷர் போட்டு, முதல்ல கையாலேயே சுத்துங்க. கையால் சுத்தும்போதே கடினமா இருந்தா மரை கோணலா ஏறுது. வெளியே எடுத்துத் திரும்ப வைங்க. கூடு அலுமினியம், பிளக் பெரும்பாலும் இரும்பு. சண்டை போட்டா மரை போறது கூட்டுக்குத்தான்.

எவ்வளவு முறுக்கணும்? மேனுவலில் 40 நியூட்டன் மீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் அதுக்கு வேண்டிய விசை 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ. அதே 40-ஐ நீளமான பைப் மாட்டி 60 சென்டிமீட்டரில் முறுக்கினா 7 கிலோ போதும். அதனாலதான் பைப் மாட்டி 'இன்னும் கொஞ்சம் டைட்' என்று இழுக்கும்போது மரை போயிடுது. முதல் வருஷத்தில் படிச்ச திருப்புவிசைதான், இங்கே கைக்கு வருது.

ஃபில் ஓட்டை வழியா டியூப் விட்டு, மெதுவா புது ஆயிலை ஊத்துங்க. கார் சமமா நிக்கும் நிலையில் ஆயில் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை வந்து மெல்ல வழிய ஆரம்பிச்சா நிறைஞ்சாச்சு. வழியறது நின்றதும் பிளக்கைப் புது வாஷரோட மூடுங்க. ஊத்திய அளவும் மேனுவல் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போகணும். ரொம்ப வித்தியாசம் இருந்தா கார் சாய்ஞ்சிருக்கு, அல்லது தப்பான ஓட்டை. 'அரை லிட்டர் கூட இருந்தா நல்லதுதானே' என்ற தாராளம் வேண்டாம். அதிக ஆயிலை கியர்கள் கடைஞ்சு நுரையாக்கும்; சூடு ஏறும்; சீலைத் தாண்டி கிளட்ச் தட்டில் பட்டா கிளட்ச் வழுக்கும்.

காரை இறக்கி, எல்லா கியரும் போட்டுப் பார்த்து, ஒரு சின்ன ரவுண்டு போய்ட்டு வாங்க. பிளக் ரெண்டையும் துடைச்சுப் பாருங்க. ராத்திரி அடியில் ஒரு அட்டையை விரிச்சு வைங்க. காலையில் அட்டையில் பொட்டு இல்லைன்னா வேலை முடிஞ்சது. தேதி, கிலோமீட்டர், ஆயில் பேர், எவ்வளவு இறங்குச்சு, காந்தத்தில் என்ன இருந்துச்சு, எல்லாத்தையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைங்க. அடுத்த தடவை ஒப்பிட உங்ககிட்ட டேட்டா இருக்கும்.

அந்த ரெண்டு லிட்டரை என்ன செய்ய?

சாக்கடையில் ஊத்தாதீங்க, மரத்தடியிலும் கொட்டாதீங்க. இந்தியாவின் 2016-ம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகளில் பழைய ஆயிலும் ஒரு அயிட்டம். சென்ட்ரிங் பலகைக்குப் பூசணும், கரையானுக்கு ஊத்தணும் என்று கேட்பவர்களுக்கும் கொடுக்காதீங்க. அது கடைசியில் மண்ணுக்கும் கிணத்துக்கும்தான் போகும். புது ஆயில் வந்த அதே டப்பாவில் பழசை ஊத்தி, தண்ணியோ பெட்ரோலோ கலக்காம மூடி, பழைய ஆயிலைச் சேர்த்து அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்க. சுத்தமா இருக்கும் பழைய ஆயிலை மறுபடி சுத்திகரிச்சு ஆயிலாக்க முடியும்.

எப்போ கை வைக்கக் கூடாது

வாரண்டியில் இருக்கும் கார்னா, நிபந்தனைகளைப் படிச்சு, சர்வீஸ் சென்டரிலேயே பண்ணிக்கோங்க. ஸ்டாண்டு கிடைக்கலை, தரை சரியில்லை, கூட ஆள் இல்லைன்னா அன்னிக்கு வேண்டாம். ஃபில் பிளக் அசையலைன்னா அதோட நிறுத்திக்கோங்க. இதில் எதுவும் தோல்வி இல்லை.

கடையில் கொடுத்தாலும் இப்போ உங்களுக்குக் கேட்கத் தெரியும். "அண்ணே, ஜிஎல்-4 தானே? டிரெயின் பிளக்கைக் காட்டறீங்களா? எவ்வளவு இறங்குச்சு?" இந்த மூணு கேள்விக்கு நல்ல மெக்கானிக் சிரிச்சுட்டே பதில் சொல்வார், ரெண்டு விஷயம் கூடுதலாவும் சொல்லித் தருவார். இந்த வார லீவுக்கு வீட்டுக்குப் போனா, மேனுவலை எடுத்து கியர் ஆயில் பக்கத்தை மட்டும் படிச்சுட்டு, அப்பாகிட்ட அந்த முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்க.